பையை நீங்களே கட்டினீர்களா?

1

திங்கட்கிழமை காலை நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் இரண்டு மின்னஞ்சல்கள். இரண்டையும் மனுஷர் யாரும் அனுப்பவில்லை, தானாக வருகிறவை. முதலாவது, இந்த அலுவலகத்தில் நான் சேர்ந்து இருபது வருஷம் முடிந்ததற்கு வாழ்த்து. பலூன் படமெல்லாம் போட்டிருந்தது. இரண்டாவது, இளையோர் தலைமைப் பயிற்சித் திட்டத்தில் எனக்குப் புதிதாக ஒரு பிள்ளையை ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற தகவல். அதற்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘முந்தைய இணை முடிவுற்றது.’

முடிவுற்றது! என்ன சுத்தமான வார்த்தை பாருங்கள். எங்கள் தெருவில் இதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறார்கள். அதைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நான் காஞ்சிபுரத்துக்காரி, இருப்பது கான்பெராவில். அங்கே நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. என் தம்பி மனைவி, ‘எஸ்தர் அண்ணி ஹார்பர்ல பெரிய ஆபீசரு’ என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். கான்பெராவில் கடலே கிடையாது. நானும் திருத்தவில்லை. தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகம், அவ்வளவுதான் சொல்லலாம். அதற்கு மேல் சொல்லவும் பெரிதாக ஒன்றும் இல்லை. துப்பாக்கியும் கிடையாது, கறுப்புக் கண்ணாடியும் கிடையாது. நாள் முழுக்கக் காகிதம் படிப்போம். படித்ததைப் பற்றி இன்னொரு காகிதம் எழுதுவோம். எழுதியதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுவோம்.

எஸ்தர் என்பதும் என் சொந்தப் பெயர் இல்லை. இதில் வருகிற எல்லார் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றவர்களுக்கு அது மரியாதை, எனக்குப் பயம்.

2

அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு இந்த நாட்டின் பாதுகாப்பை நடத்தப்போகிறவர்கள் என்று கொஞ்சம் இளசுகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு மூத்த அதிகாரியை வழிகாட்டியாகக் கோத்துவிடுவார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை காபிக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ரகசியம் எதுவும் பேசக் கூடாது. தலைமை என்றால் என்ன என்று பேச வேண்டும். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நிஜமாகவே இப்படித்தான் நடக்கிறது.

நான் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தை இல்லை. கூட்டத்தில் முதல் பத்து நிமிஷத்துக்குள் வாயைத் திற, இல்லையென்றால் உன்னை மேஜை நாற்காலியோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். குறிப்பெடுக்கிற வேலை உன் தலையில் விழாமல் பார்த்துக்கொள். கருத்துக் கேட்டால் ‘மன்னிக்கணும்’ என்று ஆரம்பிக்காதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். தப்பு நடந்துவிட்டால், அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. இந்தக் கடைசிப் பாடத்தை நான் மேடையிலேயே சொல்லியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குக் கிடைத்த பிள்ளை நிவேதா. இருபத்தாறு வயது. ஒல்லியாக, தோளில் ஒரு பெரிய பையோடு வந்து நின்றாள். முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலம் பேசினோம். அப்புறம் அவள்தான் கேட்டாள், “மேடம், நீங்க எந்த ஊரு?”

“காஞ்சிபுரம்.”

“காஞ்சிபுரத்துல எங்க?”

“ஓரிக்கை பக்கம்.”

“ஐயோ! நான் ஏனாத்தூருக்கா!” என்று கத்தினாள். காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. மேடம் அந்த நொடியில் அக்கா ஆகிவிட்டாள்.

அதிலும் ஒரு வம்பு வந்தது. ஆபீஸ் நடையில் அவள் ‘அக்கா’ என்று கூப்பிட்டதை என் மேலதிகாரி கேட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்து, உடன்பிறந்தவள் என்று எவனோ சொல்லிவிட்டான். வந்தது படிவம். நாங்கள் இரண்டு பேரும் உறவில்லை என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்கிறவளும் அக்காதான் என்று அதில் எழுத இடமில்லை. நாலு பத்தி எழுதினேன். இரண்டு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். நிவேதாவும் நானும் உறவில்லை என்பது அரசாங்கத்தில் பதிவானது.

அவள் கெட்டிக்காரி. ஒரு கட்டு காகிதத்தைக் கொடுத்தால், எந்த ஒரு வரியில் சங்கதி இருக்கிறதோ அதில் போய் விரல் வைப்பாள். ஒரு கூட்டத்தில் எங்களைவிட மூன்று படி மேலே இருக்கிற ஓர் ஆள் ஏதோ அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். இவள், “நீங்கள் சொல்கிற அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறது” என்றாள். குரல் ஏறவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டினார். “ஆமாம், நான் சொன்னதுதான் தப்பு” என்றார்.

வெளியே வந்ததும், “அக்கா, ஒரு டீ சாப்ட்லாமா? காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிக்கினு இருக்குது” என்றாள்.

இருபது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிப் பேசியதில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாவது வருஷமும் அவளையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

3

முதல் வருஷ கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்குப் போனேன். ஊருக்குப் போகிறோம் என்ற செய்தி எப்படிப் பரவுமோ தெரியாது, டிக்கெட் எடுத்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். ‘அக்கா, ஒரு சின்ன சாமான்தான், வெயிட்டே இல்ல.’ மாமியாருக்கு முட்டிவலித் தைலம், அண்ணன் பிள்ளைக்கு ஷூ, யாருக்கோ விட்டமின் மாத்திரை. திரும்பும்போது அதே வீடுகளிலிருந்து மிளகாய்த்தூள், புளி, யாராவது கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. எனக்கு நாற்பது கிலோ அனுமதி என்றால் என் துணி எட்டு கிலோ. நம்மாள் யாரைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள்.

விமான நிலையத்தில் கேட்பார்கள்: “பையை நீங்களே கட்டினீர்களா? யாராவது எதையாவது கொடுத்தனுப்பினார்களா?” நானே கட்டினேன், யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தேசப் பாதுகாப்பைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவள் இருபது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பொய்தான் சொல்கிறேன். பொய் என்று ஒரு நாளும் உறைத்ததில்லை. தெரிந்த பெண் அவள் வீட்டுக்குக் கொடுக்கிற சாமானை யாராவது ‘கொடுத்தனுப்பியது’ என்று சொல்வார்களா?

நிவேதா ஒரு துண்டில் சுற்றி ஒரு போனைக் கொடுத்தாள். “என் பழைய போனுக்கா. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். பிரபு அண்ணனுக்கு. அது போன்ல ஸ்கிரீன் ஒடஞ்சி டேப்பு ஒட்டிக்கினு சுத்துதுக்கா, பாவம்.”

என்னைப் போன்ற வேலையில் இருக்கிறவர்கள் வெளிநாடு போகும் முன் எங்கே தங்குகிறோம், யாரைப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்தபின் யாரையெல்லாம் பார்த்தோம் என்று மறுபடி எழுத வேண்டும். நான் எழுதியது ‘தம்பி குடும்பம்’ என்ற ஒரே வரி. பார்சல் கொடுக்கப் போகிற வீட்டை யாராவது சந்திப்பு என்று எழுதுவார்களா? எனக்குத் தோன்றவே இல்லை. இதைத்தான் நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்!

ஏனாத்தூரில் அவர்கள் வீடு கல்லூரிச் சாலைக்குப் பின்னால். அப்பா இல்லை. அம்மா சரோஜா ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறார். அண்ணன் பிரபு கல்லூரி வேன் ஓட்டுகிறான். போனைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். விடுவார்களா? இலை போட்டுவிட்டார்கள். நான் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே பிரபு தன் சிம்மைக் கழற்றிப் புதுப் போனில் போட்டுவிட்டான்.

“இது நிவேதா நம்பருதாங்க்கா. காலேஜ்ல சேரும்போது அது பேர்ல வாங்கின சிம்மு. கேஸு சிலிண்டரு, பேங்க்கு, மெஸ்ஸு ஆர்டரு, எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான் குட்த்து வச்சிருக்குது. மாத்தினா எல்லாம் பூடும்.”

நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? தம்பி போன் மாமா பேரில், மாமா போன் செத்துப்போன பெரியப்பா பேரில். யார் சிம் யார் பேரில் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. எடுத்தால் யார் பேசுவார்கள் என்று தெரிந்தால் போதும்.

கை கழுவ எழுந்தபோது சரோஜா என் பின்னாலேயே வந்தார். “யம்மா, அதுக்கு அங்க யாரும் இல்ல. அப்பா இல்லாத புள்ள. உங்கள நம்பித்தான் இருக்குதும்மா. நீங்க ஒரு கண்ணு பாத்துக்கினா போதும், நான் நிம்மதியா தூங்குவேன்” என்றார். கண்ணில் தண்ணீர்.

“நான் இருக்கேம்மா. நீங்க கவலையே படாதீங்க” என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

4

அடுத்த வருஷம் நிவேதாவுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை. அவள் வயதில் யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கு மேல்மட்டப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதாவது, ஆளின் முழு வாழ்க்கையையும் தோண்டிப் பார்ப்பார்கள். பத்து வருஷத்தில் எங்கே தங்கினாய், யாரோடு பழகினாய், உன் பேரில் எந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு புத்தகம் கனத்துக்குப் படிவம். அனுமதி கிடைத்தால் பதவி. மறுத்துவிட்டால் பதவி மட்டுமில்லை, இருக்கிற வேலையும் போகும்.

அவள் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த மாதத்தில்தான் ஊரில் அது நடந்தது. தாமலுக்கு அந்தாண்ட இருக்கிற சரோஜாவின் அம்மா வீட்டு ஊரில், ஏரியை ஒட்டின நிலத்தை ஏதோ கம்பெனிக்கு எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஜனங்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்களைத் திரட்டுவதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நல்ல போன் வைத்திருந்தவன் பிரபு, அதனால் அவனே அதற்கு அட்மின். போலீஸ் அவனைத் தூக்கிப்போய் மூன்று நாள் வைத்து ஜாமீனில் விட்டது. போனை விடவில்லை. நம்பர் யார் பேரில் என்று பார்த்திருக்கிறார்கள். ‘யாருடா அது நிவேதா? எங்க இருக்குது?’ என்று கேட்டு, வெளிநாட்டில் இருக்கிறாள் என்றதும் அதையும் வழக்கில் எழுதிக்கொண்டார்கள்.

நிவேதா காபிக் கடைக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள்.

“அக்கா, இத ஃபார்ம்ல எழுதணுமா? எழுதாம வுட்டா?”

“எழுது” என்றேன். “சிம்மு உன் பேர்ல இருக்குது, போன் உன்னோடது. அண்ணன் மேல கேஸு. மூணையும் எழுது. அவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நீயே சொல்லிடு. மடியில கனம் இல்லன்னா வழியில பயம் எதுக்கு?”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு மெல்ல, “போனு எப்படி அங்க போச்சின்னு கேட்டா?” என்றாள்.

நான் காபியைக் கலக்கினேன். ஏற்கனவே கலக்கின காபிதான்.

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? எப்படிக் கேட்பது என்று ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அறையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி: ‘நான்தான் கொண்டுபோனேன்னு எழுது, மீதியை நான் பாத்துக்கறேன்.’ காபிக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அவள் எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள். போன் போன விதத்தை மட்டும் ‘குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் மூலம்’ என்று எழுதினாள்.

5

இரண்டு வாரத்தில் எனக்கே போன் வந்தது. அனுமதி விசாரணை செய்கிற அதிகாரி. அவளுடைய வழிகாட்டி என்பதால் என்னிடம் நற்சான்று கேட்கிறார். நல்ல மனுஷர், தணிந்த குரல்.

எவ்வளவு காலமாகத் தெரியும் என்றார். சொன்னேன். வேலையில் எப்படி என்றார். உயர்த்தித்தான் சொன்னேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு, “அலுவலகத்துக்கு வெளியே அவரோடு பழக்கம் உண்டா?” என்றார்.

“இல்லை. வேலை சம்பந்தமாக மட்டும்தான்.”

“அவருடைய குடும்பத்தாரோடு?”

“எனக்கு அந்தக் குடும்பத்தோடு பழக்கம் இல்லை” என்றேன்.

கறிக்குழம்பு சாப்பிட்ட வாய் இது.

அவர் உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பேசாமல் இருந்தார். எதிராளி தானாக ஏதாவது சொல்வதற்கு அப்படி இடம் விடுவது ஒரு உத்தி. எனக்குத் தெரியும். நானும் பேசாமல் இருந்தேன். பதற்றமானால் என் ஆங்கிலம் காலை வாரிவிடும், இருபது வருஷமாகியும் அப்படித்தான். கூட்டத்தில் யாராவது எதிர்த்துக் கேட்டால் வினைச்சொல்லை முன்னே பின்னே போட்டு உளறுவேன். அன்றைக்கு ஒரு எழுத்து பிசகவில்லை.

என்ன பயம் என்று கேட்பீர்கள். வேலை போய்விடுமா? போயிருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள், ஒரு படி இறக்கியிருப்பார்கள், மேடையில் ஏற்றமாட்டார்கள். இந்த அளவுக்குத்தான்.

என் அப்பா காஞ்சிபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பியூன். எங்கள் ஆட்களில் முதன்முதல் அரசாங்க வேலைக்குப் போனவர். அதற்கு முன்னால் எல்லாரும் அடுத்தவன் கழனியில் கூலி. அப்பாவுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. கதவு ஓரமாக நிற்க வேண்டும், மணி அடித்தால் உள்ளே போக வேண்டும். முப்பது வருஷம் நின்றார். காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ‘நீ குந்திக்கினு வேல செய்யணும்டி’ என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை. உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலியிலிருந்து ஒரு நிமிஷம் எழுந்து நிற்கச் சொன்னால்கூட எனக்கு உடம்பு நடுங்குகிறது. இதை நியாயம் என்று சொல்லவில்லை. அப்பாவைச் சாக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

6

நிவேதாவை இரண்டு தடவை உட்காரவைத்துக் கேட்டார்கள். போனைக் கொண்டுபோனது யார்? பெயர் சொல்ல முடியாது என்றிருக்கிறாள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். அப்போதும் அதே பதில்.

முடிவுக் கடிதத்தின் நகல் வழிகாட்டி என்ற முறையில் எனக்கும் வந்தது. இரண்டு பக்கம். அண்ணன் மறியலில் உட்கார்ந்தது குற்றமாகத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தார்கள். சிம் அவள் பேரில் இருந்தது கவனக்குறைவு, அவளே முன்வந்து சொன்னதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நபரின் பெயரைத் தெரிந்தே மறைத்தார், முழுமையாக ஒத்துழைக்கவில்லை, ஆகவே அனுமதி இல்லை. மூன்று தடவை படித்தேன். அவள் சொன்ன உண்மை எதுவும் அவளைக் கவிழ்க்கவில்லை. அவள் சொல்லாமல் விட்ட ஒரே பெயர் என்னுடையது.

அன்று மத்தியானமே அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சாமான்களைப் போட ஒரு அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். இரண்டு பேர் வாசல் வரைக்கும் கூட வந்தார்கள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ அறிக்கையைத் திறந்துவைத்திருந்தேன்.

அந்த வாரமே பிரபு என் நம்பரைத் தேடிப்பிடித்து போன் செய்தான்.

“அக்கா, என்னாலதான் தங்கச்சி வேல பூட்ச்சி. நான் அங்க போயி குந்தாம இருந்திருந்தா இது வந்திருக்காது. அம்மா என் மூஞ்சிலயே முழிக்கல. நீங்க பெரிய எடத்துல இருக்கறீங்க, ஏதாவது பேசிப் பாருங்கக்கா. கால்ல வேணா வுழறேன்.” அழுதான். வேன் ஓட்டுகிற முப்பது வயது ஆம்பளை, விசும்பி விசும்பி அழுதான்.

‘உன்னால இல்லப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடிதம் என் மேஜை மேலேயே இருக்கிறது. அதைச் சொன்னால், பின்னே யாரால் என்று கேட்பான். “விசாரிச்சிப் பாக்கறேன்பா” என்றேன். அவன் நன்றி சொன்னான். ச்சீ, என்ன பிறவி நான்.

என் மகன் ஜோயலிடம் இதை வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லிப் பார்த்தேன். அவன் மெல்போர்னில் படிக்கிறான். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. பேச வராது என்றால் வரவழைக்க நான் முயலவில்லை என்று அர்த்தம். அவனுக்கு ஊரில் யாரோடும் போன் பேசுகிற பழக்கமே வரக் கூடாது, நாளைக்கு அவனும் இந்த மாதிரி வேலைக்குப் போனால் படிவத்தில் எழுத ஒன்றும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வளர்த்தேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னான்: “அந்த வழிகாட்டிப் பெண் எப்படிம்மா கண்ணாடியில் முகம் பார்க்கிறாள்?” நான் பேச்சை மாற்றினேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவன் இப்போது மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. ஆபீஸில் போய் இதைச் சொல்வாயா என்று கேட்டால், தெரியவில்லை. மூன்று தடவை அந்த மேலதிகாரி அறை வாசல் வரைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். அதனால்தான் முதலில் இங்கே எழுதுகிறேன். அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. இப்போதெல்லாம் மிஷினே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது என்பதும் தெரியும். நடப்பது நடக்கட்டும்.

7

போன மாதம் ஒரு சனிக்கிழமை நிவேதாவே கூப்பிட்டாள். அடிலெய்டில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, சரக்குக் கணக்கு பார்க்கிற வேலை, மறுநாள் கிளம்புகிறாள். “பாத்துட்டுப் போலாம்னு தோணிச்சிக்கா” என்றாள். ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். சைக்கிள் விடுகிற குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன.

இளைத்திருந்தாள். அம்மாவைப் பற்றிக் கேட்டேன். மெஸ் நடந்துகொண்டிருக்கிறது என்றாள். பிரபுவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காரணம் அண்ணன் இல்லை என்று அவனிடம் சொன்னாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன். “நிவேதா, நீ என் பேரச் சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன ஆனா உனக்கு என்ன? வயசுப் பொண்ணு, எவ்ளோ பெரிய வேலை. என்னக் காப்பாத்தணும்னு உன் தலையில ஏண்டி மண்ணப் போட்டுக்கின?”

பேசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ஒரு மூலையில், இந்தப் பிள்ளை எனக்காக இவ்வளவு செய்திருக்கிறதே என்ற பாழாய்ப்போன குளிர்ச்சியும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

“உங்களக் காப்பாத்தறதுக்கு இல்லக்கா” என்றாள். “உங்க பேரச் சொன்னா உங்களக் கூப்ட்டுக் கேப்பாங்க இல்ல? நீங்க, ‘எனக்கு அந்தக் குடும்பத்தோட பழக்கம் இல்ல’ன்னு சொல்லிடுவீங்க. அத அவங்க என்கிட்ட வந்து படிச்சிக் காட்டுவாங்க. எனக்கு இந்த ஊர்ல இருந்ததே நீங்க ஒரு ஆளு. அதக் காதால கேட்டுட்டு என்னால இங்க இருந்திருக்க முடியாதுக்கா. வேலை போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன்.”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “உடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டாள். நான் அவளைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை.

நிவேதா, நீ தமிழ்ப் பத்திரிகை விடாமல் படிக்கிறவள். இதுவும் உன் கண்ணில் படும். நீ கேட்கப் பயந்த அந்த வார்த்தையை, நாம் ஏரிக்கரையில் உட்கார்ந்ததற்கு நாலு மாதம் முன்னாலேயே நான் அந்த விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்மா. நீ சொன்ன அதே வார்த்தைதான், ஒன்றும் மாற்றமில்லை. அதை அவர்கள் உனக்குப் படித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.